மதகன் கன்னத்துக் கோடு

‘ஏரிப்படை’ கார்ட்டூன் தொடரின் கதைத் தலைவர் பொய் சொல்கிறார்.

போன மாதம் யூடியூப் பேட்டி ஒன்றில் அவரிடம் மதகனின் கண்ணீர்த் தழும்பைப் பற்றிக் கேட்டார்கள். முதல் நாளே அது தன் மனசில் இருந்ததாம், மதகனைத் தழும்போடுதான் வரைந்தாராம். பேட்டி எடுத்த பெண் கை தட்டினாள். அந்தப் பேட்டியை எனக்கு அனுப்பியது என் பழைய கம்பெனியில் இன்றைக்கும் வேலை செய்கிற பெண்கள். “அக்கா, அது டிசைனாமே, நீ இன்னாமோ குறைன்னு சொல்லிக்கினு இருந்த?” என்று கேட்டு, சிரிக்கிற எமோஜி நாலு போட்டிருந்தார்கள்.

அது குறைதான். அந்தக் கோட்டை முதலில் பார்த்தவள் நான். பிளாஸ்டிக் சரியாக ஒட்டாத இடம் அது.

என் பெயர் தனலட்சுமி. சொந்த ஊர் பென்னலூர். ஒரகடத்தில் ஒரு பொம்மை கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றேன். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள், தம்பிகள் படித்துக்கொண்டிருந்ததால் நான் போனேன். முதலில் பேக்கிங், பிறகு அசெம்பிளி, பிறகு என் கண் நன்றாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார வைத்தார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதம் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தூக்கிப் போடுவதையெல்லாம் நானும் தூக்கிப் போட்டேன்.

வேலையை உண்மையில் கற்றுக்கொடுத்தது எங்கள் குவாலிட்டி மேனேஜர் வரதராஜன் சார். அவர் நல்லது, கெட்டது என்று எதையும் வாயால் சொல்ல மாட்டார். பொம்மையை எடுத்துக் கையை முழுசாக நீட்டுவார். மேலே இரண்டு டியூப் லைட். மனசுக்குள் மூன்று எண்ணுவார். அதற்குள் குறை கண்ணில் பட்டால் சிவப்புத் தொட்டி, படாவிட்டால் பச்சைத் தொட்டி. பூதக்கண்ணாடி கூடாது, சாய்த்துப் பார்க்கக் கூடாது, நாலாவது எண்ணக் கூடாது. குழந்தை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்க்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். அதையும் அவர் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டது.

பதிவேட்டு விஷயத்தில் மட்டும் வாய் திறப்பார். “தனலட்சுமி, பார்த்ததை எழுதுங்க. நினைச்சதை எழுதாதீங்க” என்பார். ஒரு பெண் ‘மெஷின் ஆபரேட்டர் தூங்கியிருப்பார்’ என்று எழுதிவிட்டாள். முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைத்தார். தப்பாக எழுதிய வரியை அடிப்பதற்கும் முறை இருந்தது. ஒரே ஒரு கோடு போட வேண்டும், பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கிறுக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. அடித்துக் கையெழுத்துப் போட்ட வரி பதிவேட்டில் இல்லாத வரி. கணக்கில் சேராது, ரிப்போர்ட்டில் வராது. அந்த விதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை வைத்துத்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன்.

‘ஏரிப்படை’ பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் இல்லாத ஒரு கிரகம், அதில் ஒரே ஒரு ஏரி. அந்த ஏரியை ஏழு பேர் காவல் காக்கிறார்கள். எதிரி பெயர் வறட்டான். ஏழு பேரில் மதகைத் திறந்து மூடுகிறவன் மதகன். முதல் சீசனில் அவன் பேசியது மொத்தம் பத்து வசனம் இருக்கும். குடும்பம் கிடையாது, ஊர் கிடையாது. எழுதியவர்கள் அவனுக்கு ஒன்றும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சீசன் வந்த சூட்டோடு ஏழு பேரின் பொம்மையும் எங்கள் கம்பெனியில் ஓட ஆரம்பித்தது.

மதகன் தலைக்கு ஒரு அச்சு. அதில் நாலு கேவிட்டி, அதாவது நாலு குழி. ஒரு தடவை அடித்தால் நாலு தலை விழும். எந்தக் குழியில் பிறந்தது என்று பிடரியில் எண் இருக்கும். கண் தனிப் பாகம், பின்னாலிருந்து செருக வேண்டும். அதனால் தலையில் கண் இருக்கிற இடம் ஓட்டை. உருகிய பிளாஸ்டிக் நெற்றி வழியாக இறங்கும்போது ஓட்டையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து கீழே வந்து சேரும். சூடு போதவில்லை என்றால் சேர்ந்த இடத்தில் கோடு விழும், அதற்கு வெல்டு லைன் என்று பெயர். மூன்றாம் கேவிட்டியில் இடது கண்ணுக்குக் கீழே தாடை வரைக்கும் விழுந்தது. சூட்டைக் கூட்டினார்கள், முகம் மஞ்சளாகப் பழுத்துப் போனது. வேகத்தைக் கூட்டினார்கள், காது ஓரம் பிசிறு வந்தது. கோடு மட்டும் போகவில்லை.

எங்கள் லைனில் குறைக்கெல்லாம் பெயர் வைப்பது பழக்கம். வளைந்த வாள் ‘வாழைப்பழம்’. உதட்டுப் பெயிண்ட் மேலே ஏறினால் ‘மீசை’. முதுகில் பள்ளம் விழுந்தால் ‘ஒரகடம் ரோடு’. கத்திச் சொன்னால் மெஷின் சத்தத்திலும் காதில் விழும், எந்தத் தொட்டி என்று யாரும் கேட்க வேண்டாம். மூன்றாம் கேவிட்டிக் கோட்டுக்குப் பெயர் வைத்தவள் முத்துமாரி.

முத்துமாரி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். என் மேசைக்கு முந்திய மேசையில் கண் செருகுவாள். கை வேகம். வாய் அதைவிட வேகம். கோடு விழுந்த தலைகள் வர ஆரம்பித்த முதல் வாரமே ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏக்கா, இது குறை இல்லக்கா. இவன் அழுதிருக்கான்.”

“பொம்மை அழுவுமாடி? கைய ஓட்டு.”

“கேளுங்க. ஊருக்குள்ள தண்ணி பாஞ்சிரக் கூடாதுன்னு மதக மூடுனது இவன் கை. மதகுக்கு அந்தப் பக்கம் நின்னது இவன் தம்பி. ஊரு பொழைச்சிட்டு. தம்பி போய்ட்டான். அன்னைக்கு வடிஞ்ச கண்ணீருதான் தடமா நின்னுட்டு. அதான் இவன் யார்ட்டயும் பேச மாட்டேங்கான்.”

பேக்கிங்கிலிருந்து ஒருத்தி, அப்படியென்றால் ஒரு கண்ணில் மட்டும் ஏன் கோடு என்று மடக்கினாள்.

“இன்னொரு கண்ணு மதகப் பாத்துக்கிட்டு இருந்துச்சுல்லா” என்றாள் முத்துமாரி. சொல்லிவிட்டு அடுத்த கண்ணைச் செருகினாள்.

அன்றைக்கு டீ இடைவேளைக்குள் அந்தக் கோட்டுக்குத் ‘தம்பிக் கோடு’ என்று பெயர் வந்துவிட்டது. பிறகு யாரும் அதை வெல்டு லைன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவசரத்தில் பதிவேட்டில் இப்படி எழுதினேன்: ‘மதகன் தலை, கேவிட்டி 3, இடது கண் கீழே தம்பிக் கோடு.’ வரதராஜன் சார் பார்த்தார். தம்பி யார் என்று கேட்டார். முத்துமாரி சொன்ன கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். கீழே ‘வெல்டு லைன்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

கோடு போகாது என்று தெரிந்ததும், எந்த அளவு வரை அனுமதிக்கலாம் என்று முடிவு பண்ண கார்ட்டூன் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். கதைப் பிரிவு. சின்ன வயது, தலையில் எங்கள் வலைத் தொப்பி, காலில் புது ஷூ. அவர்தான் இன்றைக்குக் கதைத் தலைவர். லேசான கோட்டிலிருந்து ஆழமான கோடு வரை வரிசையாகத் தலைகளை அடுக்கினேன். கையை நீட்டி மூன்று எண்ணச் சொன்னேன். எண்ணினார். மூன்றாவது தலையைக் காட்டி, “இது வரைக்கும் ஓகே. பசங்க கவனிக்க மாட்டாங்க” என்றார். அந்தத் தலையை பாலித்தீன் பையில் போட்டு அட்டை கட்டினோம். லிமிட் சாம்பிள் என்பது இதுதான். அட்டையில் எழுதியிருந்தது: ‘மதகன் தலை. குறை: இடது கண் கீழ் வெல்டு லைன். இதைவிட அதிகமானால் நிராகரிக்கவும்.’ வரதராஜன் சார் கையெழுத்து, என் கையெழுத்து, கதைத் தலைவர் கையெழுத்து. மூன்றும் என் எதிரில் போட்டது. டீ குடித்துவிட்டுப் போனார்.

குறை என்று எழுதிய அட்டையில் கையெழுத்துப் போட்டவர் முதல் நாளே நினைத்தேன் என்கிறார்.

பசங்க கவனித்தார்கள். முத்துமாரியின் அறைத் தோழி ஒருத்தி, பஸ்ஸில் அவள் அந்தக் கதையைச் சொல்லும்போது செல்போனில் பதிவு செய்திருந்தாள். கடையில் வாங்கிய பொம்மையின் படத்தைச் சேர்த்து வீடியோவாக வெளியில் விட்டாள். பெயர் எதுவும் போடவில்லை. பாதிக் கதைக்கு மேல் பஸ் ஹாரன் கேட்கும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்மையின் பிடரியைத் திருப்பி மூன்று என்று இருக்கிறதா பார்த்து வாங்கினார்கள். தம்பிக்குப் பெயர் வைத்தார்கள், படம் வரைந்தார்கள், தம்பி சாகவில்லை, வறட்டானிடம் இருக்கிறான் என்று கதையை நீட்டினார்கள். ‘கண்ணீர்த் தழும்பு’ என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். யாரோ ஒரு குழந்தை நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டதற்கு, மதகனுக்குத் தம்பி கிடையாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் பிள்ளைகள் நம்பவில்லை. மதகன் சொல்லியிருக்க மாட்டான், அதனால் இவர்களுக்குத் தெரியாது என்றார்கள்.

கொஞ்ச நாளில் மறுப்பது நின்றது. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ரசிகர்கள் கட்டிய கதை இப்படித்தான் சொந்தக் கதை ஆகிறது என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதலில் இல்லை என்பார்கள். பிறகு சும்மா இருப்பார்கள். பிறகு டப்பாவில் அச்சடிப்பார்கள்.

இதற்கு நடுவில் எங்களுக்குப் புகார் வர ஆரம்பித்தது. என் வேலைக் காலத்தில் அப்படிப்பட்ட புகாரைப் பார்த்ததில்லை. ‘பொம்மையில் தழும்பு இல்லை, மாற்றித் தரவும்.’ ஒன்று, இரண்டு, நாலாம் கேவிட்டித் தலைகள் சுத்தமாக இருந்தன. அதுதான் புகார். வரதராஜன் சார் அந்தக் கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். குறை இல்லாததைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அவர் நாளைக்கு என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நிறுவனத்திலிருந்து உத்தரவு வந்தது, எல்லாத் தலையிலும் கோடு வேண்டும். அச்சு செதுக்குகிற டூல் ரூமில் மற்ற மூன்று கேவிட்டியிலும் கோடு வெட்டினார்கள். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி வந்தது. பிள்ளைகள் போலித் தழும்பு என்றார்கள். வெட்டியதை அடைத்துவிட்டு, அச்சின் சூட்டைக் குறைத்து, வேண்டுமென்றே கோடு விழ வைத்தோம். இருபது வருடம் எதைத் தடுக்கச் சம்பளம் வாங்கினேனோ அதை விழ வைக்கச் சம்பளம் வாங்கினேன். புது அட்டை கட்டினோம். ‘இதைவிடக் குறைந்தாலும் நிராகரிக்கவும்.’ நல்ல முகங்களைச் சிவப்புத் தொட்டியில் போட்டேன். லைனில் பெண்கள் சிரித்து மாளவில்லை. “உன் தம்பி நம்மள நல்லா வேலை வாங்குறான்டி” என்று முத்துமாரியிடம் சொன்னேன். “அவன் எனக்குத் தம்பி இல்லக்கா, மதகனுக்குத் தம்பி” என்றாள். அவளுக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. தான் சொன்னது டிவி வரை போனால் விளாத்திகுளத்தில் அம்மாவுக்குக் காட்டலாம் என்றுதான் இருந்தாள்.

போனது. மூன்றாம் சீசனே மதகனின் தம்பி கதைதான். சீசன் வருவதற்கு முன்பே புது டப்பா அட்டைகள் எங்கள் ஸ்டோருக்கு வந்து இறங்கின. வெளியே தெரியக் கூடாது என்று சீல் போட்டிருந்தது. பேக்கிங்குக்காகப் பிரித்தபோது படித்தோம். ‘மதகை மூடியது அவன் கை. அந்தப் பக்கம் நின்றது அவன் தம்பி. ஒரு கண் அழுதது. மறு கண் மதகைப் பார்த்துக்கொண்டிருந்தது.’

கதைத் தலைவர் அந்த வீடியோவைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, அதனால் எழுத மாட்டேன். அட்டையில் இருந்ததைப் பார்த்தேன். அதை முத்துமாரி என் மேசையில் சொன்னதைக் கேட்டேன்.

அதே சமயம் யாரோ அந்தப் பழைய வீடியோவைத் திரும்பவும் போட்டார்கள். முதலில் போட்ட அறைத் தோழியின் போன் தொலைந்து, அந்தக் கணக்கும் போய்விட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் நகல், நகலில் புதுத் தேதி. நிறுவனத்தின் வக்கீல் ஆட்கள் பார்த்தார்கள். தங்கள் ரகசிய வசனம் வார்த்தைக்கு வார்த்தை ஒரு பெண் குரலில், பின்னால் பஸ் ஹாரன், நடுவில் ‘பி ஷிப்ட்’ என்று ஒரு குரல். உங்கள் ஆலையில் யாரோ அட்டையைப் படித்துக் கதையை வெளியிட்டுவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. இது பழைய கதை என்று பிள்ளைகள் தங்கள் குரூப்களில் கத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குரூப்பை எந்த ஹெச்.ஆர். படிக்கிறார்?

முத்துமாரியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கான்பரன்ஸ் ரூமில் ஹெச்.ஆர். மேனேஜர், பக்கத்தில் நிர்வாகத் தரப்பில் வரதராஜன் சார். அவளுக்குச் சாட்சி உண்டா என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருந்தாள். நான் உள்ளே போனபோது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“அட்டை ஸ்டோருக்கு வந்தது போன மாசம். உங்க குரல் வெளிய வந்தது இந்த மாசம்” என்றார் ஹெச்.ஆர்.

“என் குரல் அதுக்கு முன்னயே இருக்கு சார். அட்டைதான் என்னப் பாத்து எழுதிருக்கு. தனம் அக்காட்ட கேளுங்க.”

அவர் என்னிடம் திரும்பினார். வாயால் சொல்வதெல்லாம் செல்லாது, அப்போதே எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

எழுத்தில் இருந்தது. தேதியோடு இருந்தது. வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேனாவால்தான் அடித்தார். எனக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. அடித்த வரி இல்லாத வரி என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

“இல்ல சார்” என்றேன்.

வெளியில் வராந்தாவில் அவள் என்னை நிறுத்தினாள். அழவில்லை.

“அக்கா, நீங்க எழுதுனத நான் பாத்தேன்லா.”

“அது அடிச்ச வரிடி.”

“அடிச்சாலும் படிக்க முடியுதுல்லா.”

அவள் சொன்னது சரி. ஒரே கோடு போட்டு அடிக்கச் சொல்வதே அதற்குத்தான். அடித்தது என்ன என்று நாளைக்கு ஒருவர் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கிறுக்கக் கூடாது என்கிறார்கள். இத்தனை வருடம் அந்த விதியில் எனக்கு வசதியான பாதியை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

முத்துமாரியை அனுப்பிவிட்டார்கள். ‘வாடிக்கையாளரின் ரகசியத் தகவலை வெளியிட்டதால் பணிநீக்கம்’ என்று கடிதம். நாலு மாதம் கழித்து எனக்கு சால்வை போட்டு அனுப்பினார்கள். இன்றைக்கு அவள் இருங்காட்டுக்கோட்டையில் காண்டிராக்டில் பன் பேக்கிங் பண்ணுகிறாள். ஒரகடத்தில் நிரந்தர வேலைக்கு மூன்று கம்பெனியில் கை வேகம் பார்த்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பழைய கம்பெனிக் கடிதத்தைக் கேட்டார்கள். கொடுத்தாள். திரும்பக் கூப்பிடவில்லை. அவள் கண்டுபிடித்ததையே அவள் திருடியதாக அந்தக் கடிதம் சொல்கிறது. அது இருக்கிற வரைக்கும் இந்தப் பகுதியில் எந்தக் கம்பெனிக் கதவும் அவளுக்குத் திறக்காது.

பேட்டியைப் பார்த்த அன்றே வரதராஜன் சாருக்குப் போன் பண்ணினேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். திட்டத்தான் பண்ணினேன், திட்டினேன். முடிகிற வரை கேட்டார். “பதிவேடு ஏழு வருஷம் ரெக்கார்ட் ரூம்ல இருக்கும், தனலட்சுமி. லிமிட் சாம்பிள் அட்டையும் இருக்கு. வாடிக்கையாளர், அந்தக் கார்ட்டூன் நிறுவனம், கேட்டா எடுத்துக் கொடுப்பேன். அவங்க கேக்கணும்” என்றார். அந்தப் பதிவேட்டுக்கு அடுத்த வருடம் ஏழு முடிகிறது. பிறகு கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

ஹெச்.ஆருக்கு எழுதினேன். விசாரணை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. விசாரணையில் நான் பொய் சொன்னேன் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. எங்கே கூப்பிட்டாலும் வந்து அதைச் சொல்லத் தயாராக இருக்கிறேன். என் பங்கு அது.

கதைத் தலைவரே, உங்கள் பங்கு இது. நீங்கள் ஒரு பெண்ணிடம் இருந்து கதை எடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரெல்லாம் சுற்றி, ஆயிரம் பிள்ளைகள் கை மாறி உங்களிடம் வந்திருக்கலாம். வரட்டும். தொடர் உங்களுடையது, எது அதில் நிஜம் என்று முடிவு பண்ணுகிற அதிகாரமும் உங்களுடையது. ஆனால் முத்துமாரி மேல் உங்கள் நிறுவனம் போட்ட புகார் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தழும்பை நீங்கள் முதல் நாளே நினைத்திருந்தால், குறை என்று எழுதிய அட்டையில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? நீங்கள் நினைக்கவில்லை, அவள்தான் முதலில் சொன்னாள் என்றால், அவள் வெளியிட்ட ரகசியம் எது?

ரெக்கார்ட் ரூமில் இருந்து அந்தப் பதிவேட்டையும் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். பொய் சொன்ன அதே யூடியூப் சேனலில், அதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் கேமரா முன்னால் வையுங்கள். முத்துமாரி என்று பெயரைச் சொல்லி, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்.